நாத்தனார் எழுந்திருக்கும் விதம்

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குத் தசை டீச்சர் என்று பெயர். எலும்பு, நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் அவள்தான் நடத்தினாள். ஆனால் தசைப் பாடம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். புத்தகத்தை மேசைமேல் குப்புறப் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, தன் கையையே படமாக்கிவிடுவாள்.

"பாருங்க. கையை மடக்குறது முன்பக்கத்து இருதலைத் தசை. நீட்டுறது பின்பக்கத்து முத்தலைத் தசை. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால ஒருத்தர் இழுக்கும்போது மத்தவர் விட்டுக்கொடுக்கணும். புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு வெச்சுக்கங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தா குடும்பம் இருந்த இடத்துலயே நிக்கும்."

வகுப்பு சிரிக்கும். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அதைவிடப் பிடித்தது நடித்துக் காட்டுவது. கெண்டைக்கால் தசை செத்தவர் எப்படி நடப்பார், முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர் எப்படித் தண்ணீர் குடிப்பார் என்று அவள் செய்து காட்டினால், பரீட்சைத்தாளில் ஒருத்திகூட அந்தக் கேள்வியைத் தப்பவிடமாட்டாள். பார்த்ததை அப்படியே உடம்பில் வாங்கிக்கொள்கிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் நிலைமை வேறு. எட்டு மாதத்துக்கு முன் நாத்தனார் வந்து சேர்ந்திருந்தாள். கணவனின் ஒரே அக்கா, நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். துணித் தொழிற்சாலையில் இருபது வருடம் வெட்டும் மேசையில் நின்றவள், தனியாக ஓர் அறையில் இருந்துகொண்டு யார் கையையும் எதிர்பார்க்காமல் காலம் தள்ளியவள். திடீரென்று ஒருநாள், வேலையில் மந்தமாகிவிட்டாள் என்று சொல்லித் தொழிற்சாலையில் அனுப்பிவிட்டார்கள். தம்பி போய் இரண்டு பெட்டியோடு அழைத்துக்கொண்டு வந்தான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைப்பவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியில். நாற்பத்தெட்டுப் படி. வந்த அன்றைக்கு நாத்தனார் அந்தப் படிகளை ஏற முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மறுபடி இழுத்து. டீச்சர் மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. முதல் எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நாத்தனார் தாழ்வான சோபாவில் உட்கார மாட்டாள்; சமையலறையில் இருந்த உயரமான ஸ்டூலில்தான் உட்காருவாள். "மகாராணிக்குச் சிம்மாசனம்தான் சரிப்படும்" என்பாள் டீச்சர், கணவனிடம். கடைக்கு அனுப்பினால் காய்கறிப் பை முதல் மாடித் திருப்பத்திலேயே நின்றுவிடும். டீச்சர் இறங்கிப்போய்த் தூக்கி வரவேண்டும். மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கச் சொன்னால் கேட்காதமாதிரி இருந்துவிடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் ஊர் தூங்கும்வரை மென்றுகொண்டிருப்பாள், நடுநடுவே புரையேறி இருமுவாள். போன மாதம் இடுப்புவரை இருந்த தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த வயசுல என்ன ஃபேஷன் அண்ணி?"

"வாரிக்கக் கை வரல. தூக்கினா கனக்குது."

ஆனால் அதே கை ஊசியில் நூல் கோக்கும். இறுகிப்போன ஊறுகாய் ஜாடியின் மூடியை ஒரே திருகில் திறக்கும். டீச்சருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஜாடி திறக்க முடியுது, தலை வார முடியலையாம். எந்த ஊர்ல நடக்கும் இது?" என்றாள் கணவனிடம்.

"அக்காவுக்கும் வயசாகுதுல்ல."

"நாப்பத்தாறு ஒரு வயசா? வலி இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. தினம் முப்பத்தேழு பேருக்குத் தசையைப் பத்திச் சொல்லிக்கொடுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் என்கிட்ட மருந்து இருக்கு, சோம்பேறித்தனத்துக்கு மட்டும் இல்ல."

கதவு திறந்திருந்தது. திறந்திருக்கிறது என்று தெரிந்தேதான் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

ஒருநாள் காலையில் இன்னொரு எரிச்சல். துவைத்த துணியை மாடிக் கொடியில் காயப்போடச் சொல்லியிருந்தாள்; நாத்தனார் எல்லாவற்றையும் நாற்காலி முதுகுகளில் போட்டு வைத்திருந்தாள். ஈரம் சொட்டித் தரை முழுக்கத் தண்ணீர். டீச்சர் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தாள். கோபத்தை அப்படியே சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைய பாடம் இடுப்பும் தொடையும்.

"நம்ம உடம்புலயே பெரிய தசை எது தெரியுமா? நீங்க எல்லாரும் இப்ப அது மேலதான் உக்காந்திருக்கீங்க" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு. "புட்டத்துத் தசை. அப்புறம் தொடைக்கு முன்னால நாலு தலைத் தசை. முதல் தசை இடுப்பை நிமித்தும், ரெண்டாவது முழங்காலை நீட்டும். இந்த ரெண்டும் சேர்ந்துதான் தினம் நூறு தடவை உங்களைத் தூக்கி நிறுத்துது. ஒரு நன்றிகூட யாரும் சொல்றதில்ல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சனியன் நாக்கில் உட்கார்ந்துவிட்டது.

"ஆனா எல்லாத் தசையும் நல்லா இருந்தும் எழுந்திருக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற கேஸும் உண்டு. எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?"

நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் தொங்கவிட்டாள். உடம்பை முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றி, பிறகு தொடையில் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று தன் உடம்பின்மேல் தானே கைவைத்து ஏறுவதுபோல் ஏறி, ஒருவழியாக நிமிர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டாள். அப்படியே இரண்டு பக்கமும் வாத்துபோல அசைந்து கரும்பலகைவரை நடந்தாள். அங்கே சாக்பீஸைச் சீப்பாக்கித் தலைக்குக் கொண்டுபோக முயன்று, காதுவரை போன கை தொப்பென்று விழ, அலுத்துப்போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் காட்டிப் புரையேறி இருமினாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சருக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த நெஞ்சு லேசானது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பெரியக்கா என்று மற்ற மாணவிகள் கூப்பிடும் பெண். பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கித் துடைத்து மாற்றிக் கிடத்தும் வேலையில் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபிறகு படிக்க வந்தவள். டீச்சரைவிட இரண்டு வயது கூட இருக்கும்.

"என்ன பெரியக்கா, உங்களுக்கு மட்டும் சிரிப்பு வரலையா?" என்றாள் டீச்சர், அந்த உற்சாகத்திலேயே.

பெரியக்கா எழுந்து நின்றாள். குத்திக்காட்டும் எண்ணம் அவள் முகத்தில் துளிகூட இல்லை; பாடத்தில் சந்தேகம் கேட்கும் முகம்தான்.

"இல்ல டீச்சர், நீங்க செஞ்சது அடம்பிடிக்கிறவங்க மாதிரி இல்லையே. இடுப்புத் தசையும் தொடைத் தசையும் பலமில்லாதவங்க அப்படித்தான் தொடையைப் பிடிச்சு ஏறி எழுந்திருப்பாங்கன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. தோளும் அதேபோலப் போயிருக்கு. வார்டுல இப்படி ஒரு அம்மாவை நான் தூக்கியிருக்கேன். கை விரல் எல்லாம் கெட்டியாப் பிடிக்கும், தோளுக்கு மேல கையே வராது. அப்புறம் அவங்களுக்கு விழுங்கவே முடியாமப் போச்சு."

கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டாள்: "உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் புரையேறுதா டீச்சர்? இல்ல, அது சும்மா சேர்த்துக்கிட்டதா?"

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு மாதமாகத் தன் கண் ஒவ்வொரு அசைவையும் பிசகாமல் எடுத்து வைத்திருக்கிறது; அதை ஒரு புத்தகப் படத்தைப்போல முப்பத்தேழு பேர் முன்னால் விரித்தும் காட்டிவிட்டாள்; அது என்ன படம் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் நோட்டில் போன வாரம் அவளே சொல்லி எழுதவைத்த வரி அப்படியே இருந்தது, அடிக்கோடு போட்டு.

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். "அது... கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டினேன். அவங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லும்போதே காது மடல் சுட்டது. பெரியக்கா தலையசைத்து உட்கார்ந்தாள். நம்பியமாதிரிக் காட்டிக்கொண்டாள், பாவம். அந்த மரியாதைதான் டீச்சரை இன்னும் குறுகவைத்தது. மிச்சப் பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்தினாள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாற்பத்தெட்டுப் படியையும் எண்ணிக்கொண்டு ஏறினாள். நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றியிருந்தன. அசைந்ததெல்லாம் மணிக்கட்டும் விரலும்தான். எத்தனையோ நாள் பார்த்த காட்சி.

"நாற்காலித் துணியெல்லாம் எடுத்துட்டேன்" என்றாள் நாத்தனார் அவசரமாக. "தரையும் துடைச்சுட்டேன்."

"அதை விடுங்க அண்ணி. கையைக் கொஞ்சம் பக்கவாட்டுல தூக்குங்க."

"எதுக்கு? இப்ப என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. தூக்குங்க."

கை தோள் உயரத்துக்கு வந்தது, நடுங்கிக்கொண்டு. டீச்சர் அதன்மேல் இரண்டே விரலை வைத்து லேசாக அழுத்தினாள். கை விழுந்துவிட்டது. தசை பலத்துக்குச் சைபரிலிருந்து ஐந்துவரை மார்க் உண்டு. மூன்று என்றால் தன் சொந்தக் கனத்தைத் தூக்கும், அதற்குமேல் ஒரு துரும்பையும் தாங்காது. மூன்று. அடுத்த கையும் மூன்று. உட்கார்ந்தபடி தொடையைத் தூக்கச் சொன்னாள், அது வரவே இல்லை. கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னாள். நாத்தனார் பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, தலை அசையவில்லை.

"என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்றாள் கடைசியாக. நாத்தனார் பிடித்தாள். டீச்சருக்கு வலித்தது. விடச் சொல்லாமல் நின்றாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். துணி உருளையை மேசை மேல தூக்கிப் போட முடியல. சூப்பர்வைசர் ரெண்டு தடவை பாத்தார், மூணாவது தடவை அனுப்பிட்டார்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குரலில் சண்டை இல்லை.

"சொன்னேனே. கை கனக்குதுன்னு சொன்னேன், கால் ஏற மாட்டேங்குதுன்னு சொன்னேன். சோம்பலுக்கு மருந்து இல்லைன்னு நீ சொன்னே. நீ படிச்சவ, இதைப் பத்தியே பாடம் எடுக்கிறவ. நீயே அப்படிச் சொன்ன பிறகு, ஒருவேளை நான் சோம்பேறிதானோன்னு எனக்கே தோணிப்போச்சு. தினம் காலைல எழுந்ததும் இன்னைக்கு ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சுக்குவேன். மத்தியானத்துக்குள்ள தோத்துடுவேன்."

டீச்சர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி. மருத்துவர் நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். நாத்தனார் தொடையைப் பிடித்து ஏறி எழுந்ததைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷமா."

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவரின் பார்வை டீச்சர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் நின்றது. பள்ளிப் பெயர், அதற்குக் கீழே உடற்கூறு ஆசிரியை என்று தடித்த எழுத்து. பள்ளியிலிருந்து நேராக வந்ததில் கழற்ற மறந்துவிட்டாள். மருத்துவர் மறுபடி எழுதத் தொடங்கினார். டீச்சர் அட்டையைத் திருப்பிவிட்டாள். பின்பக்கத்திலும் அதுவே அச்சடித்திருந்தது.

ரத்தப் பரிசோதனையில், தசை சிதைந்தால் கசியும் பொருள் இருக்கவேண்டிய அளவைப்போல் முப்பது மடங்கு இருந்தது. தொடையில் ஒரு துணுக்குத் தசை எடுத்துப் பார்த்தார்கள். தசை அழற்சி. உடம்பைக் காக்கவேண்டிய காவலே உடம்பின் தசையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் மருத்துவர். மருந்து இருக்கிறது. பிழைத்துக்கொள்வாள். ஆனால் தொண்டைத் தசையும் பிடிபட்டிருக்கிறது. இன்னும் சில வாரம் போயிருந்தால் சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கும். சீக்கிரம் வந்திருந்தால் முழுசாகவே மீட்டிருக்கலாம். இப்போது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

கணவன் அழுதான். மனைவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "எனக்கும்தானே கண்ணு இருந்துச்சு" என்றான். அப்படிச் சொல்லித் தன் பங்கை அவன் எடுத்துக்கொண்டதில் அவளுடைய பங்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆறாம் நாள் வார்டில் நாத்தனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் சொல்லிவிட்டாள். வகுப்பில் நடித்துக் காட்டியதை, சிரித்ததை, பெரியக்கா கேட்டதை, அதற்குப் பிறகும் பொய் சொன்னதை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும் நாத்தனார் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அதைத் தாங்க முடியவில்லை.

நாத்தனார் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கி முடித்தாள்.

"எப்படிச் செஞ்சே? காட்டு."

"வேண்டாம் அண்ணி."

"காட்டு. என்னை நான் பாத்ததே இல்லையே."

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் விழித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கிண்ணத்தை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலில் கை வைத்தாள். வகுப்பில் அத்தனை சுலபமாக வந்தது இப்போது பாறையைத் தூக்குவதுபோல இருந்தது. தொடையில் ஏறி, நிமிர்ந்து, தலை குனிந்து நின்றாள்.

நாத்தனார் கண் எடுக்காமல் பார்த்தாள். "நான் இடது கையைத்தான் முதல்ல வைப்பேன்" என்றாள். அப்புறம், "எத்தனை பேர் சிரிச்சாங்க?"

"முப்பத்தாறு பேர். ஒருத்தர் சிரிக்கல."

நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முயன்றாள். தானாகத் திரும்ப முடியவில்லை. டீச்சர்தான் தோளுக்கடியில் கைகொடுத்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வகுப்பிலும் சொன்னாள். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வாய் திறந்தபோது எல்லாம் குளறியது. "அன்னைக்கு நான் காட்டினது எங்க நாத்தனார். அவங்களுக்குத் தசை அழற்சி. பெரியக்கா சொன்னது சரி, நான் சொன்னது பொய். எட்டு மாசம் பக்கத்துலயே இருந்தும் நான் பாக்கல" என்று சொல்லி நிறுத்தினாள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இவர்களிடம் கேட்டு என்ன ஆகும்? பேனா கீறும் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, டீச்சர் முடித்து அடுத்த பாடத்துக்குப் போகும்வரை.

மருந்தில் நாத்தனாரின் முகம் பூரித்து வீங்கியது, பிறகு வற்றியது. மூன்று மாதத்தில் புரையேறுவது நின்றது. ஐந்தாம் மாதம் தன் கையால் தலை வாரிக்கொண்டாள். தசை பலத்தின் மார்க் மூன்று நான்கானது, ஐந்தாகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். டீச்சர் தினமும் காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தாள். காய் நறுக்க விடமாட்டாள். நாத்தனார் ஸ்டூலிலிருந்து அசைந்தாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். சாப்பாட்டில் நல்ல துண்டெல்லாம் நாத்தனார் தட்டுக்கே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். பின்தெருவில் ஒரு தையல் கடையில் பட்டன் தைக்கிற வேலை, உட்கார்ந்தபடி செய்வது, கிடைத்திருக்கிறது. கடைக்கு எதிரில் தரைத்தளத்தில் ஓர் அறையும் பார்த்துவிட்டாள்.

"இங்க என்ன குறை அக்கா?" என்றான் தம்பி.

"படி ஏற முடியலடா" என்றாள்.

அது உண்மைதான். ஆனால் அவன் எழுந்து போனபிறகு டீச்சர் கேட்டாள்.

"என்னாலதானே அண்ணி?"

"ஆமா" என்றாள் நாத்தனார். "நீ அன்னைக்குச் சொன்னதுக்காக இல்ல. அது போச்சு. இப்ப நீ என்னைப் பாக்கிற பார்வைதான். நான் எழுந்தா உன் முகம் சுருங்குது, உக்காந்தா சுருங்குது. முன்னாடி நான் சோம்பேறியா இருந்தேன், இப்ப உன்னோட தப்பா இருக்கேன். எனக்கு ரெண்டும் வேண்டாம். கொஞ்ச நாள் சும்மா ஒரு மனுஷியா இருந்து பாக்கறேன்."

அழுதால் அதுவும் நாத்தனார் தலையில் இன்னொரு சுமையாக ஏறும் என்று அந்த நேரத்தில் டீச்சரின் புத்தியில் பட்டது. எழுந்துபோய்ப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் கணவனும் அவளும் பின்தெருவுக்குப் போகிறார்கள். வாசலில் மணியை அழுத்துவதற்குமுன் டீச்சர் ஒரு நிமிடம் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்கிறாள். முகத்திலும் தசைகள்தான், சொன்னபடி கேட்கவேண்டியவைதான், சில நாள் கேட்கின்றன, சில நாள் கேட்பதில்லை. உள்ளிருந்து நாத்தனார் வருவதற்கு நேரமாகும். அதுவரை கணவன் செருப்பைக் கழற்றுவான். கதவு திறந்ததும் நாத்தனார் முதலில் டீச்சரின் முகத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பாள்.